அப்பாவின் வயிற்றில் இருந்த பழைய தழும்பு

(தொலைக்காட்சிக் கலந்துரையாடல் அரங்கில் நிகழ்ச்சிப் படைப்பாளர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



வழக்கமாக இந்த மேடையில் நான் கேள்வி கேட்பவள். என் பக்கத்தில் ஒரு மருத்துவர் உட்கார்ந்திருப்பார். அவர் பதில் சொல்வார், நான் தலையாட்டுவேன், நேரம் முடிந்ததும் நன்றி சொல்லி எழுந்துவிடுவேன். இன்று என்னையே பேசச் சொல்லிவிட்டார்கள். நான் மருத்துவர் இல்லை. பலதுறைத் தொழிற்கல்லூரியில் தகவல் தொடர்பு டிப்ளோமா படித்தவள். அதனால் மருத்துவர்களிடம் கேட்டுத் தெரிந்துகொண்டதையும், என் வீட்டில் நடந்ததையும் மட்டும் சொல்கிறேன். சிகிச்சைக்கு உங்கள் மருத்துவரிடம்தான் போக வேண்டும்.

என் அப்பா செம்பவாங் கப்பல் பட்டறையில் வேலை பார்த்தவர். காலை ஷிப்ட், இரவு ஷிப்ட் என்று மாறி மாறி வரும். சாப்பாடு நேரத்துக்கு இருக்காது. 1978ல் ஒரு நாள் வேலை இடத்திலேயே ரத்த வாந்தி எடுத்து விழுந்துவிட்டார். அப்போது அவருக்கு 28 வயது. மருத்துவமனையில் அவசரமாக வயிற்றைத் திறந்து, இரைப்பையில் ஒரு பகுதியை எடுத்துவிட்டு, மிச்சத்தைச் சிறுகுடலோடு சேர்த்துத் தைத்தார்கள். நெஞ்செலும்புக்குக் கீழிருந்து தொப்புள் வரை நேர்க்கோடாக ஒரு தழும்பு. சின்ன வயதில் நான் அதை விரலால் தடவிப் பார்த்து, "இது என்னப்பா?" என்று கேட்பேன். "அல்சர் ஆப்பரேஷன் பாப்பா. அப்பவே எல்லாத்தையும் எடுத்துட்டாங்க. இனிமே ஒண்ணும் வராது" என்பார்.

இனிமேல் ஒன்றும் வராது. எங்கள் வீட்டில் 37 ஆண்டுகள் அதை நம்பியிருந்தோம்.

தையற்காரர் கண்டது

2014 தீபாவளிக்கு முன்னால், அப்பா வழக்கம்போல் தேக்கா சந்தையின் மேல்மாடியில் இருக்கும் தையற்கடைக்குக் கால்சட்டை அளவு கொடுக்கப் போனார். நானும் கூடப் போயிருந்தேன். அளவெடுத்த அண்ணன், பழைய நோட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "என்னண்ணே, இடுப்பு மூணு இஞ்ச் குறைஞ்சிருக்கே, உடம்பு சரியில்லையா?" என்றார். அப்பா சிரித்தார். "வயசாகுது தம்பி, சாப்பாடு குறைச்சிட்டேன்" என்றார். நானும் சிரித்தேன்.

அந்த வாரம்தான் நான் ஒரு மருத்துவ நிகழ்ச்சியில், "காரணமில்லாமல் எடை குறைந்தால் அலட்சியம் வேண்டாம்" என்று கேமராவைப் பார்த்துச் சொல்லியிருந்தேன். எழுதிக் கொடுத்த வசனம். வீட்டில் அப்பா இடுப்புவாருக்கு ஆணியைச் சுடவைத்துப் புது ஓட்டை போட்டுக்கொண்டிருந்தார்.

முழுத் தோசை சாப்பிட்டவர் பாதித் தோசையில் எழுந்துவிடுவார். "வயிறு நிறைஞ்சிடுச்சு" என்பார். மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கியது. பக்கத்து மருந்தகத்துக்குப் போவார். வாய்வுக்கு வெள்ளை மருந்தும், அமிலத்தைக் குறைக்கும் மாத்திரையும் கொடுப்பார்கள். ஒரு வாரம் நன்றாக இருக்கும். மறுபடியும் போவார். எட்டு மாதம் இப்படியே போயிற்று. அந்த மருந்தகத்தைக் குறை சொல்ல நான் இங்கே வரவில்லை. அப்பா அங்கே சட்டையைத் தூக்கித் தழும்பைக் காட்டவே இல்லை. "பழைய ஆப்பரேஷன், அதுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?" என்று நினைத்தாராம்.

2015ல் மயக்கம் போட்டு விழுந்த பிறகு மருத்துவமனையில் சேர்த்தோம். ரத்தம் மிகவும் குறைந்திருந்தது. ஓர் இளம் சீன மருத்துவர் வயிற்றை அழுத்திப் பார்க்கும்போது தழும்பைக் கண்டார். "அங்கிள், இது என்ன ஆப்பரேஷன்?" என்றார். "லாங் டைம் ஆல்ரெடி டாக்டர். அல்சர்" என்றார் அப்பா. மருத்துவர் எழுதுவதை நிறுத்தினார். "எந்த வருஷம்?" என்று கேட்டார். 1978 என்றதும், மறுநாளே எண்டோஸ்கோப்பிக்கு ஏற்பாடு செய்தார்.

மிச்சமிருந்த இரைப்பையில், பழைய தையல் போட்ட இடத்துக்குப் பக்கத்தில், புற்றுநோய் இருந்தது.

அந்த அறுவை சிகிச்சையின் கதை

நேயர்களே, இரைப்பையில் ஒரு பகுதியை வெட்டி எடுத்து மிச்சத்தைக் குடலோடு இணைக்கும் இந்த வைத்தியம் புதியதல்ல. 1881ல் வியன்னா நகரில் தியோடோர் பில்ரோத் என்ற அறுவை மருத்துவர் இதை முதன்முதலில் வெற்றிகரமாகச் செய்தார். அந்த நோயாளிக்கு இருந்தது இரைப்பைப் புற்றுநோய். 1885ல் அவரே இன்னொரு வகை இணைப்பையும் செய்தார். பிற்பாடு இதே முறைகளை அல்சருக்கும் பயன்படுத்தினார்கள். 20ஆம் நூற்றாண்டின் பெரும்பகுதியில், ரத்தம் கசியும் அல்சருக்கும், ஓட்டை விழுந்த அல்சருக்கும், மருந்துக்கு அடங்காத அல்சருக்கும் கத்திதான் வழி. அது பல லட்சம் உயிர்களைக் காப்பாற்றியது. என் அப்பாவையும் காப்பாற்றியது. 1978ல் அந்தக் கத்தி இல்லையென்றால் நான் பிறந்திருக்கவே மாட்டேன்.

ஆனால் அந்த இணைப்புக்குப் பிறகு வயிறு பழைய வயிறாக இருப்பதில்லை. இரைப்பையின் வாயிலில் ஒரு கதவு உண்டு. உணவைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடலுக்குள் விடும், குடலில் இருக்கும் பித்தநீர் மேலே வராமல் தடுக்கும். அறுவையில் அந்தக் கதவு போய்விடுகிறது. பித்தநீரும் கணைய நீரும் மிச்ச இரைப்பைக்குள் திரும்பி வந்து அதன் உட்சுவரை ஆண்டுக்கணக்கில் புண்ணாக்குகின்றன. இன்னொரு பக்கம் அமிலம் சுரப்பது குறைகிறது. அமிலம் குறைந்தால் அங்கே வாழ முடியாத கிருமிகள் வாழத் தொடங்கும். அவற்றில் சில, உணவில் உள்ள பொருள்களை உடலுக்குக் கேடான ரசாயனங்களாக மாற்றும்.

இது ஒரே நாளில் புற்றுநோயாவதில்லை. முதலில் அழற்சி. பிறகு சவ்வு மெலிகிறது. பிறகு இரைப்பைச் சவ்வு குடல் சவ்வைப் போல மாறுகிறது. அதற்கும் பிறகுதான் செல்கள் கட்டுப்பாடு இழக்கின்றன. இதற்கு 20 ஆண்டு, 30 ஆண்டு, சில நேரம் 40 ஆண்டுகூட ஆகும். அமெரிக்காவின் மாயோ மருத்துவ நிலையத்தைச் சேர்ந்த டோனல்ட் பால்ஃபர் என்ற அறுவை மருத்துவர், அல்சர் அறுவை செய்துகொண்டவர்களுக்குப் பின்னாளில் புற்றுநோய் வந்ததை 1922லேயே எழுதியிருக்கிறார். மருத்துவ உலகம் அறிந்த செய்தி இது. எங்கள் வீட்டுக்கு மட்டும் வந்து சேரவில்லை.

பயப்பட வேண்டுமா?

இங்கே ஒரு நிமிடம் நிறுத்துகிறேன். கேட்டுக்கொண்டிருக்கும் பெரியவர்கள் சிலர் தங்கள் வயிற்றில் கைவைத்துப் பார்ப்பது எனக்குத் தெரிகிறது.

அல்சர் அறுவை செய்துகொண்ட பெரும்பாலோருக்குப் புற்றுநோய் வருவதில்லை. அறுவைக்குப் பிறகு முதல் 15, 20 ஆண்டுகள் அபாயம் பெரிதாகக் கூடுவதில்லை. அதற்குப் பிறகுதான் மற்றவர்களைவிடக் கூடுகிறது. சிறுகுடலின் தொடக்கத்தில் அல்சர் வந்தவர்களைவிட, இரைப்பையிலேயே அல்சர் வந்து அறுவை செய்தவர்களுக்கு அது கூடுதல். இரைப்பையை எந்த வகையில் குடலோடு இணைத்தார்கள் என்பதைப் பொறுத்தும் வேறுபடும். ஆகவே, "எனக்கும் அப்படித்தான் ஆகும்" என்று யாரும் முடிவு கட்ட வேண்டாம்.

ஆனால் ஒரு கணக்கைப் போட்டுப் பாருங்கள். அமிலத்தைக் கட்டுப்படுத்தும் சிமெட்டிடின் மாத்திரை 1976ல் பிரிட்டனில் விற்பனைக்கு வந்தது. அதைக் கண்டறிந்த ஜேம்ஸ் பிளாக் 1988ல் நோபெல் பரிசு பெற்றார். 1982ல் ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் பாரி மார்ஷலும் ராபின் வாரனும் அல்சருக்குக் காரணமான ஹெலிக்கோபேக்டர் பைலோரி கிருமியைப் பிரித்தெடுத்தார்கள். யாரும் நம்பாததால், 1984ல் மார்ஷல் அந்தக் கிருமியைத் தானே குடித்துக் காட்டினார். 2005ல் இருவருக்கும் நோபெல் பரிசு. இந்தக் கண்டுபிடிப்புகளால் மாத்திரையிலேயே அல்சர் ஆறியது, கத்தி ஓய்ந்தது.

அப்படியானால் இரைப்பையில் கத்தி பட்டவர்கள் யார்? பெரும்பாலும் 1990க்கு முன்னால் அறுவை செய்துகொண்டவர்கள். இன்று அவர்களுக்கு வயது 60, 70, 80. நம் அப்பாக்கள், தாத்தாக்கள், பாட்டிகள். அபாயம் கூடும் என்று மருத்துவர்கள் சொல்லும் காலத்தில்தான் அவர்கள் எல்லாரும் இப்போது இருக்கிறார்கள்.

இந்தியருக்கு வராதா?

சிங்கப்பூரில் இரைப்பைப் புற்றுநோய் இந்தியர்களையும் மலாய்க்காரர்களையும்விடச் சீனர்களுக்குத்தான் அதிகம் வருகிறது. இத்தனைக்கும் அந்த ஹெலிக்கோபேக்டர் கிருமி இந்தியர்களிடம் அதிகம் காணப்படுகிறது. கிருமி அதிகம், நோய் குறைவு. ஆய்வாளர்களுக்கே இது ஒரு புதிர். இங்கே 2004 முதல் 2010 வரை, 50 வயது தாண்டிய ஏறக்குறைய 3,000 சீனர்களைச் சேர்த்து, எண்டோஸ்கோப்பி செய்து, ஆண்டுக்கணக்கில் கவனித்து வந்த ஒரு பெரிய ஆய்வும் நடந்தது. யாருக்கு அபாயம் அதிகமோ அவர்களைத் தேடிப் போவது சரிதான்.

ஆனால் இதையே நம்மவர்கள், "அது சீனருக்கு வர்ற நோய், நமக்கு வராது" என்று எடுத்துக்கொள்கிறார்கள். அப்பாவும் அப்படித்தான் நினைத்தார். சென்னையை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே 1980களில் தொடங்கிய புற்றுநோய்ப் பதிவேட்டில், நீண்ட காலம் ஆண்களிடம் முதல் இடத்தில் இருந்தது இரைப்பைப் புற்றுநோய்தான். அல்சரும் தென்னாட்டில் குறைவில்லை. மைசூரில் பணியாற்றிய ஆங்கில அறுவை மருத்துவர் ஃபிராங்க் டோவி, கோதுமை உண்ணும் வடமேற்கைவிட அரிசி உண்ணும் தென்னிந்தியாவில் சிறுகுடல் அல்சர் அதிகம் என்று கவனித்து எழுதியிருக்கிறார். ஊரில் அறுவை செய்துகொண்டு அந்தத் தழும்போடு கப்பலேறி இங்கே வந்த பெரியவர்களும் நம்மிடையே உண்டு. அவர்களுடைய காகிதம் மதுரையிலோ தஞ்சாவூரிலோ எப்போதோ கரையானுக்குப் போயிருக்கும்.

காகிதம் இல்லாத அறுவை

இதுதான் நான் இன்று அழுத்திச் சொல்ல வந்த விஷயம். நம் நாட்டில் தேசிய மின்னியல் சுகாதாரப் பதிவு 2011ல்தான் தொடங்கியது. மருத்துவர் கணினியைத் தட்டினால் நம்முடைய எல்லா வரலாறும் வந்துவிடும் என்று நினைக்கிறோம். 1978ல் நடந்த அறுவை அதில் எப்படி வரும்? அப்பாவின் பழைய கோப்பைத் தேடினோம், கிடைக்கவில்லை. எவ்வளவு எடுத்தார்கள், எப்படி இணைத்தார்கள் என்று அம்மாவுக்கும் தெரியவில்லை. "ஏதோ வயித்துல பாதி எடுத்தாங்க" என்றார் அம்மா. அந்தத் தழும்பு ஒன்றுதான் பதிவேடு. அதையும் சட்டை மூடிவிட்டது.

ஆகவே உங்களிடம் ஒரு வேண்டுகோள். இன்று இரவு வீட்டுக்குப் போனதும் பெரியவர்களிடம் கேளுங்கள். "தாத்தா, உங்களுக்கு வயித்துல எப்ப ஆப்பரேஷன் பண்ணாங்க? எதுக்கு? எந்த மருத்துவமனை?" பதிலை ஒரு தாளில் எழுதுங்கள். ஆண்டு தெரியாவிட்டால், "பெரிய அக்கா பிறக்கிறதுக்கு முன்னாடியா, பின்னாடியா?" என்று கேட்டால் வந்துவிடும். அந்தத் தாளை அடுத்த முறை பலதுறை மருந்தகத்துக்குப் போகும்போது கொண்டுபோய்க் கொடுங்கள். 2023ல் தொடங்கிய ஹெல்தியர் எஸ்ஜி திட்டத்தில் சேர்ந்து, ஒரே குடும்ப மருத்துவரிடம் போகிறவர்கள் அவரிடம் கொடுங்கள்.

கொடுத்துவிட்டு மூன்று கேள்வி கேளுங்கள். ஒன்று, எனக்கு எண்டோஸ்கோப்பி தேவையா? இரண்டு, ஹெலிக்கோபேக்டர் கிருமி இருக்கிறதா என்று பார்க்க வேண்டுமா? மூன்று, என் ரத்தத்தில் இரும்புச்சத்தும் வைட்டமின் பி12ம் எப்படி இருக்கின்றன?

முதல் கேள்விக்கு எல்லா மருத்துவரும் ஒரே பதில் சொல்ல மாட்டார்கள். அறுவைக்கு 15, 20 ஆண்டுக்குப் பிறகு எண்டோஸ்கோப்பி செய்து பார்ப்பதைப் பரிசீலிக்கலாம் என்று சில மருத்துவ அமைப்புகள் சொல்கின்றன. தொந்தரவு ஏதும் இல்லாத எல்லாருக்கும் அது வேண்டாம் என்று நினைக்கும் வல்லுநர்களும் உண்டு. தென்கொரியாவில் 40 வயதிலிருந்து இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை இரைப்பைப் புற்றுநோய்ப் பரிசோதனை தேசியத் திட்டத்திலேயே உண்டு. ஜப்பானிலும் உண்டு. நம் தேசியப் பரிசோதனைத் திட்டத்தில் பெருங்குடல், மார்பகம், கருப்பை வாய்ப் புற்றுநோய்கள் இருக்கின்றன, இரைப்பை இல்லை. அதனால் யாரும் கடிதம் போட்டு உங்களைக் கூப்பிட மாட்டார்கள். நீங்கள்தான் கேட்க வேண்டும். உங்கள் வயது, உடல்நிலை, பழைய அறுவையின் வகை எல்லாவற்றையும் பார்த்து மருத்துவர் முடிவு செய்வார்.

ஆனால் தொந்தரவு இருந்தால் காத்திருக்கவே கூடாது. காரணமில்லாமல் எடை குறைவது, கொஞ்சம் சாப்பிட்டதுமே வயிறு நிறைவது, அடிக்கடி வாந்தி, விழுங்கக் கஷ்டம், தார் போலக் கறுப்பாக மலம் போவது, ரத்தச்சோகை, மாறாத வயிற்றுவலி. அறுவை செய்தவர்கள் இவற்றை, "அது பழைய ஆப்பரேஷன் தொல்லை" என்று தள்ளிவிடுவார்கள். மாத்திரை போட்டதும் வலி அடங்கிவிடும். ஆனால் வலி அடங்கியதை வைத்து நோய் இல்லை என்று சொல்லிவிட முடியாது. அப்பாவுக்கு அந்த எட்டு மாதம் அப்படித்தான் போனது.

இன்னொன்று. அல்சர் காரத்தால் வருகிறது, பட்டினியால் வருகிறது என்றுதான் நாம் பேசிக்கொள்கிறோம். காரம் எரிச்சலைக் கூட்டலாம். ஆனால் அல்சருக்கு முக்கியக் காரணங்கள் இரண்டு. ஒன்று அந்தக் கிருமி. மற்றொன்று மூட்டுவலிக்கும் முதுகுவலிக்கும் நாமாக வாங்கி விழுங்கும் சில வகை வலி மாத்திரைகள். அறுவை செய்த வயிற்றுக்காரர்கள் மருத்துவரைக் கேட்காமல் அவற்றைத் தொடவே கூடாது.

அப்பாவுக்குப் பிறகு

அப்பாவுக்கு மிச்சமிருந்த இரைப்பை முழுவதையும் எடுத்தார்கள். உணவுக்குழாயை நேராகச் சிறுகுடலோடு இணைத்தார்கள். அதற்குப் பிறகு ஒரு நாளைக்கு ஆறு வேளை, ஒவ்வொரு வேளையும் ஒரு சின்னக் கிண்ணம். அம்மா அடுப்படியை விட்டு நகரவே மாட்டார். மாதத்துக்கு ஓர் ஊசி. ஞாயிற்றுக்கிழமை சிராங்கூன் சாலைக்கு மெதுவாக நடந்து வருவார், அரை இட்லி சாப்பிடுவார், "இது போதும்மா" என்பார். என் திருமணத்தைப் பார்த்தார். மூன்று ஆண்டுகள் எங்களோடு இருந்தார். 2018ல் போய்விட்டார்.

எட்டு மாதம் முன்னால் கண்டிருந்தால் இன்னும் இருந்திருப்பாரா? மருத்துவரிடம் இதைக் கேட்டேன். "சொல்ல முடியாது. ஆனால் முன்னால் கண்டால் வாய்ப்பு நிச்சயம் கூடும்" என்றார். அந்தப் பதிலோடுதான் நான் வாழ்கிறேன்.

அப்பாவின் பட்டறை நண்பர் ஒருவர் எங்கள் புளோக்கிலேயே இருக்கிறார். அவரை மாமா என்று கூப்பிடுவோம். துக்கத்துக்கு வந்த அன்று, ஓரமாகக் கூப்பிட்டு, "எனக்கும் இதே தழும்பு இருக்கும்மா" என்றார். 1983ல் செய்ததாம். வீட்டில் யாரிடமும் சொன்னதில்லை. "போய்ப் பாத்தா ஏதாவது சொல்லிடுவாங்களோன்னு பயமா இருக்கு" என்றார். நானே அவரை அழைத்துக்கொண்டு போனேன். எண்டோஸ்கோப்பியில் புற்றுநோய் இல்லை. ஆனால் ரத்தத்தில் பி12 அடிமட்டத்தில் இருந்தது. பாதம் மரத்துப்போவதும், நடை தள்ளாடுவதும் வயதால் என்று நினைத்திருந்தார். ஊசி போடத் தொடங்கியதும் நடை தேறிவிட்டது. இப்போது காலையில் தேக்கா சந்தைக்கு மீன் வாங்கத் தனியாகப் போய் வருகிறார். பரிசோதனைக்குப் போனால் கெட்ட செய்திதான் வரும் என்று நினைக்கிறோம். மாமாவுக்கு வந்தது நல்ல செய்தி.

நானும் மூச்சுப் பரிசோதனை செய்துகொண்டேன். ஒரு பையில் ஊதுவதுதான், வலி இல்லை. கிருமி இருந்தது. பதினான்கு நாள் மாத்திரை சாப்பிட்டேன். வாயெல்லாம் இரும்புக் கசப்பு, இருந்தும் ஒரு வேளைகூட விடவில்லை. மறுபரிசோதனையில் கிருமி போயிருந்தது.

இந்த மேடையில் எத்தனையோ மருத்துவர்களிடம் எத்தனையோ கேள்வி கேட்டிருக்கிறேன். என் அப்பாவிடம் கேட்க வேண்டிய ஒரு கேள்வியைக் கேட்காமல் விட்டேன். நீங்கள் விட்டுவிடாதீர்கள். நிகழ்ச்சி முடிந்து வீட்டுக்குப் போனதும் தொலைக்காட்சியை அணைத்துவிட்டு, பெரியவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து, ஒரு தாளும் பேனாவும் எடுத்துக்கொள்ளுங்கள்.